அழியாத கறை: நீலத்தாடிக் கதையும் ஏஞ்சலா கார்ட்டரின் மறுபுனைவும்

திறவுச்சொற்கள்: தேவதைக் கதை, மறுபுனைவு, மிகுபுனைவு, விலக்கப்பட்ட அறை, கதைசொல்லி

தேவதைக் கதைகளை மிகுபுனைவாக மறுபடைப்புச் செய்யும் நூல்களை மதிப்பிடுகையில், கதைமுடிவு எவ்வாறு மாற்றப்பட்டுள்ளது என்பதே பெரும்பாலும் அளவுகோலாகிறது. நாயகியை ஆடவர் மீட்டனரா, அவளே தன்னை மீட்டுக்கொண்டாளா என்ற வினாவோடு ஆய்வு நின்றுவிடுகிறது. ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் 1979இல் வெளியிட்ட ‘இரத்த அறை’ என்னும் தொகுப்பின் தலைப்புக் கதையை முன்வைத்து, இவ்வளவுகோல் போதாது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இக்கதையின் மூலம் ஷார்ல் பெரோ 1697இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நீலத்தாடிக் கதை. ஆர்னே-தாம்ப்சன்-ஊத்தர் அட்டவணையில் இது 312ஆம் கதைவகை. பயணம் புறப்படும் செல்வந்தன் இளம் மனைவியிடம் எல்லாச் சாவிகளையும் தந்து, ஓர் அறையை மட்டும் திறவாதே என்கிறான். அவள் திறக்கிறாள், அவனுடைய முன்னாள் மனைவியரின் உடல்களைக் காண்கிறாள். கைநழுவிய சாவியில் குருதிக் கறை படிகிறது. ஒருபக்கம் தேய்த்தால் மறுபக்கம் தோன்றும் மந்திரக் கறை அது. கணவன் அவளைக் கொல்ல முனையும் வேளையில் அவளுடைய தமையன்மார் வந்து அவனைக் கொல்கின்றனர். பெரோ கதையின் இறுதியில் இரு நீதிகளைச் செய்யுளில் சேர்த்துள்ளார். முதலாவது பெண்ணின் ஆவலைக் கண்டிக்கிறது. இரண்டாவது, இத்தகைய கணவர்கள் இக்காலத்தில் இல்லை என்கிறது. கொலைகளைப் பற்றி நீதி ஏதுமில்லை! (கிரிம் சகோதரர்கள் 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் இக்கதையைச் சேர்த்து, 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கிவிட்டனர்.)

பெரோவின் கதைகளைக் கார்ட்டரே 1977இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துள்ளார் என்பது இங்குக் கருதத்தக்கது. பழங்கதைக்குப் புதுவடிவம் தருவது தம் நோக்கமன்று, அதனுள் உறைந்திருக்கும் பொருளை வெளிக்கொணர்வதே நோக்கம் என்பது அவர் நிலைப்பாடு. அவருடைய கதையில் தமையன்மாருக்கு மாறாகத் தாய் குதிரையேறி வந்து, மறைந்த தன் கணவனின் கைத்துப்பாக்கியால் மருமகனைச் சுட்டு வீழ்த்துகிறாள். ஆய்வாளர் பலரும் போற்றும் மாற்றம் இதுவே. ஆயினும் இறுதிக் கணத்தில் வந்துசேரும் தாயும், அதே கணத்தில் வந்துசேரும் தமையன்மாரும் கதையமைப்பில் ஆற்றும் பணி ஒன்றேயாகும். பழைய வடிவத்தின் கட்டிலிருந்து கார்ட்டர் விடுபடவில்லை என்று பற்றீசியா டங்க்கர் 1984இல் முன்வைத்த மறுப்பு, முடிவை மட்டும் நோக்கினால் வலுவானதே.

கதைசொல்லும் குரலை நோக்கினால் நிலை வேறு. பெரோவின் நாயகிக்குப் பெயரில்லை, தன் கதையைத் தானே சொல்லும் வாய்ப்பும் இல்லை. கார்ட்டரின் நாயகிக்கும் பெயரில்லை. ஆனால் நிகழ்ந்தவற்றைப் பின்னாளில் தன்மைக்கூற்றில் சொல்பவள் அவளே. வறுமையில் வளர்ந்த பதினேழு வயதுப் பெண்ணாகிய தான் செல்வத்தால் ஈர்க்கப்பட்டதையும், கணவனின் கண்வழியே கண்ணாடியில் தன்னைக் கண்டதையும் அவள் மறைப்பதில்லை. தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் இக்குரலுக்கு மேல் ஒரு நீதியைப் பொருத்த ஆசிரியருக்கு இடமில்லாமற் போகிறது.

மிகுபுனைவுக் கூற்றைக் கார்ட்டர் கையாளும் முறையும் இதனோடு இயைகிறது. தொடர்வண்டியும் தொலைபேசியும் உள்ள உலகம் அது. மகள் தொலைபேசியில் அழுததைக் கேட்டே தாய் புறப்படுகிறாள். அவ்வுலகில் மந்திரம் பெரும்பாலும் சாவியின் கறையளவில் சுருங்கியிருக்கிறது. கணவன் அச்சாவியை அவள் நெற்றியில் அழுத்த, கறை அங்கே இதய வடிவில் பதிந்துவிடுகிறது. மூலத்தில் நீலத்தாடி இறந்தபின் கறையைப் பற்றிப் பேச்சில்லை. இங்கு அவன் இறந்த பின்னரும் அது நீங்கவில்லை. எந்த ஒப்பனையும் அதை மறைப்பதில்லை. பார்வையற்ற பியானோ சீரமைப்பாளனுடன் புதுவாழ்வு தொடங்கும் அவள், அவனால் அதைக் காண இயலாது என்பதில் ஆறுதல் கொள்கிறாள். அவன் வெறுப்பான் என்ற அச்சத்தால் அன்று, தன் நாணம் காணப்படாமல் இருக்கிறதே என்பதால்.