சென்சாரை மாத்துறதுக்கு முன்னாடி…

இன்பிளான்ட் டிரெயினிங்கில் நான் வாங்கிய குட்டு ஒன்றைச் சொல்கிறேன்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வருவதற்கு முன் வாங்கிய டீசல் லாரி ஒன்று பட்டறைக்கு வந்தது. செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு எரியும். எரிந்தால் மேட்டில் இழுவை இருக்காது. ஓட்டுபவரே ஓனர், மாசத் தவணை வேறு. ஸ்கேனரில் வந்த கோளாறு எண் எஸ்.பி.என். 102, எஃப்.எம்.ஐ. 4. முதல் எண் பூஸ்ட் பிரஷர். "சென்சார் போச்சுண்ணே, புதுசு மாத்திடலாம்" என்றேன். அவர் முகம் சுண்டிப் போச்சு.

மெக்கானிக் அண்ணன், "அந்த 4-ஐப் படிச்சியா தம்பி?" என்றார். முதல் எண் எந்த சிக்னல் என்று சொல்லும். இரண்டாவது, என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். 3 என்றால் வோல்டேஜ் அதிகம். 4 என்றால் குறைவு, அல்லது ஒயர் எர்த் ஆகிறது. சென்சார் செத்தாலும் 4 வரும், ஒயர் உரசினாலும் 4 வரும்!

சாவி போட்டு, சென்சார் பிளக்கைக் கழற்றி அளந்தோம். சப்ளை 5 வோல்ட் சரியாக இருந்தது. (பேட்டரி 24 வோல்ட் ஆச்சே என்று இங்கே தேடாதீர்கள்.) பிறகு பேட்டரியையும் இ.சி.யூ. பிளக்கையும் கழற்றி, சிக்னல் ஒயருக்கும் சேஸிஸுக்கும் நடுவே மீட்டர் வைத்தோம். சத்தமில்லை. அண்ணன் ஒயர் கட்டைப் பிடித்து ஆட்டினார், 'பீப்' என்றது. கிளாம்ப் அடியில் இன்சுலேஷன் தேய்ந்து செம்பு தெரிந்தது.

டேப் சுற்றி, ஸ்லீவ் போட்டு, கிளாம்பைத் தள்ளிக் கட்டினோம். கோளாறு எண்ணை அழித்து மேட்டில் ஓட்டியும் விளக்கு வரவில்லை.

ஓனர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார். குடிக்கக் கூச்சமாகத்தான் இருந்தது.