வெற்றிருக்கைகளின் வெற்றி

தம் குழு தோற்பதை இரசிகர் பொறுப்பர். தலைமையின் பேராசையைப் பொறார். இங்கிலாந்தின் கடற்கரைப் பட்டினமான பிளாக்பூலின் உதைபந்தாட்டக் கழகம் 2010 இல் பிரிமியர் லீக்கிற்கு உயர்ந்தது. 2016 இல் நான்காம் பிரிவுக்கு வீழ்ந்தது. உரிமையாளரான ஓய்ஸ்டன் குடும்பத்தார் கழகத்தின் செல்வத்தை முறையின்றி எடுத்துக்கொண்டனர் என 2017 இல் உயர் நீதிமன்றம் கண்டது.

இரசிகர் செய்ததென்ன? “இனி ஒரு பென்னியும் தாரோம்” எனப் பல்லோர் வாயிலுக்கு வெளியே நின்றனர். ஏறக்குறைய நான்கு ஆண்டுகள்! தந்தையும் மகனும் கைகோத்துச் செல்லும் சனிக்கிழமைகள் எத்தனை கழிந்தன!

2019 இல் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் உரிமையாளரை நிருவாகத்தினின்றும் நீக்கினார். மார்ச் 9 அன்று 15,871 பேர் மைதானத்தில் திரண்டனர். ஆட்டம் 2–2 எனச் சமநிலையில் முடிந்தது. வென்றவர் எவரென்று நாம் கூறவும் வேண்டுமோ? அன்புடையார் விலகி நிற்க வேண்டிய வேளையும் உண்டு.