ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன், 1873 மாதிரி (நகல்)

குதிரைப்படைக்காகக் குழலைச் சுமார் 56 செ.மீ. அளவுக்குக் குறுக்கிய அமெரிக்கத் துப்பாக்கி. 1876 ஜூன் 25 அன்று மொன்டானாவில், லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றோரம் லகோட்டா, செயேன் பழங்குடி வீரர்களிடம் தோற்ற அமெரிக்கக் குதிரைப்படை அதிகாரி கஸ்டரின் படையினர் ஏந்தியது இந்த வகையைத்தான். இங்கிருப்பது பிற்காலத்தில் செய்த நகல், சுடக்கூடியது.

மேற்புறக் கதவைத் தூக்கி ஒரே ஒரு தோட்டாவை நுழைக்க வேண்டும். சுட்டபின் கதவைத் திறந்தால் வெற்றுக்கூடு வெளியே வந்துவிடும் என்பது ஏற்பாடு. அன்றைய கூடுகளோ செம்பு. தோல் கச்சையில் செருகி வைத்ததில் களிம்பேறின. அடுத்தடுத்துச் சுட்டுச் சூடானபோது சில உள்ளேயே ஒட்டிக்கொண்டன. கத்தியால் நெம்பத்தான் வேண்டும். கஸ்டர் தோற்றதே இதனால்தான் என்ற பேச்சு நெடுங்காலம் உலவியது. ஆனால் 1984 முதல் போர்க்களத்தில் நடந்த அகழாய்வில் கிடைத்த கூடுகளில், நெம்பிய தடம் உள்ளவை மிகச் சிலவே. செம்பின்மேல் பழிபோடுவது வசதியாக இருந்திருக்கிறது.

ரைபிள் தோட்டாவில் 70 கிரெய்ன் கருமருந்து. கார்பைனுக்கு அதே அளவுக் கூட்டில் 55 கிரெய்ன், அதாவது சுமார் 3.6 கிராம். எடை குறைந்த துப்பாக்கி தோளை அதிகம் உதைக்கும் என்பதால் இந்தக் குறைப்பு. மிஞ்சிய இடத்தை அட்டை வில்லைகள் அடைத்தன. இன்று பித்தளைக் கூடுகளில் கையால் தோட்டா அடைப்போரும் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் விடுவதில்லை. விட்டால் குழலுக்கே ஆபத்து.

வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த இம்மருந்தில் பாதிக்கு மேல் எரிந்தபின் திடக் கசடாகிறது. அடர்ந்த வெண்புகைக்கும் அதுவே காரணம். குழலில் படியும் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும் என்பதால், சுட்ட அன்றே தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசிவிடுகிறார்கள்.