மலைச்சாலையும் பழைய காரும்

தமிழகத்திலிருந்து கேரளத்துக்குள் செல்லும் சாலைகள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. கோவையிலிருந்து வாளையாறு வழியே பாலக்காடு செல்லும் சாலை மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாயூடாகப் பெரும்பாலும் சமதளமாகவே செல்கிறது. போடிநாயக்கனூரிலிருந்து இடுக்கி மாவட்டத்துக்குள் நுழையும் சாலையோ 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, 1,000 மீட்டர் அளவுக்கு உயர்ந்து போடிமெட்டை அடைகிறது. பதினைந்து ஆண்டு பழகிய கார் ஒன்று முதற்சாலையில் எந்தக் குறையும் காட்டாமல் ஓடிவிடலாம். அதே கார் இரண்டாம் சாலையில் பாதி வழியில் ஆவி கக்கி நிற்கலாம். ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் மலையேறும் போடி, கம்பம் பகுதி மக்களுக்கு இக்காட்சி புதிதன்று.

இதற்குக் காரணம் உண்டு. சமவெளியில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், போடிமெட்டின் உயரத்தில் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். என்ஜினின் இயல்பான வெப்பநிலையோ 90 டிகிரியை ஒட்டியது. இந்தக் குறுகிய இடைவெளியை விரித்துத் தருவது ரேடியேட்டர் மூடி. அது நீரை அழுத்தத்தில் அடைத்துவைத்து, கொதிநிலையை 120 டிகிரி வரை உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வளையம் இறுகி வெடித்துவிட்டால் அழுத்தம் நில்லாது. சில நூறு ரூபாய் மூடியை மாற்றிப் பாராமல் ரேடியேட்டரையே மாற்றச் சொல்வோர் உளர். முதலில் மூடியைப் பாருங்கள்.

வெப்பம் எப்போது ஏறுகிறது என்பதே குறையைக் காட்டிக்கொடுக்கும். நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமாக ஓடும்போது தணிந்தால் விசிறியையும் அதன் சுவிட்சையும் ஐயுறலாம். நிற்கும்போது சீராக இருந்து, ஏற்றத்தில் மட்டும் முள் உயர்ந்தால் ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம், அல்லது கூலன்ட் குறைந்திருக்கலாம். வெளியே கசிவே இல்லாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வந்து, என்ஜின் ஆயிலும் பால் கலந்தாற்போல் வெளுத்தால், சிலிண்டர் ஹெட் கேஸ்கட் பழுதாகியிருக்கக்கூடும். அந்நிலையில் மலையேறுதல் கூடாது. சூடான என்ஜினின் மூடியைத் திறப்பதும், குளிர்ந்த நீரை ஊற்றுவதும் நாம் அடிக்கடி காணும் தவறுகள். முதலாவது கையைச் சுடும். இரண்டாவது சிலிண்டர் ஹெட்டைப் பிளக்கும். அரை மணி நேரமாவது காத்திருத்தல் வேண்டும்.

ஏற்றத்தில் நின்றுபோகும் காரால் பொழுதும் பணமும் வீணாகும். இறக்கத்தில் நிற்காத காரால் உயிரே போகலாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 4 தர ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறியபின் 155 டிகிரி வரை இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் ஆயில் கொதித்து, குழாயில் ஆவி நிறைந்து, மிதி பஞ்சுபோல் உள்ளே போகும். மிதி கெட்டியாகவே இருந்தும் வண்டி நிற்க மறுத்தால், பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டன என்று பொருள். ஒரு பக்கமாக இழுத்தால் அச்சக்கரங்களின் பிரேக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வண்டி எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் பிரேக் ஆயிலை இரண்டாண்டுக்கு ஒரு முறை மாற்றுதல் நலம்.

வீட்டு வாசலிலேயே ஒரு சோதனை செய்யலாம். என்ஜினை நிறுத்தி, மிதியை நான்கைந்து முறை அழுத்தி, அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றுத் தாழ்ந்தால் பிரேக்குக்குத் துணைபுரியும் சர்வோ நன்றாக உள்ளது. எரிபொருளை மிச்சப்படுத்த என்ஜினை அணைத்து இறங்குவோருக்கு இத்துணை கிட்டாது என்பதும் இதனால் விளங்கும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவதே பழைய ஓட்டுநர்களின் வழக்கம். அதற்கு மேலான அறிவுரை இன்னும் வரவில்லை.

டயரில் பள்ளம் ஆழமாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2316 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. இடுக்கியின் மழையில் இறுகிப்போன ரப்பர் வழுக்கும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. பதிவுச் சான்றிதழை அப்போது எடுத்துப் பார்க்கையில், என்றோ கட்டி முடித்த கடனுக்குரிய வங்கியின் பெயர் அதில் இன்னும் நீங்காமல் இருப்பதைச் சிலர் காண்பதுண்டு. கடன் தீர்ந்ததும் வங்கி தரும் தடையின்மைச் சான்றையும் படிவம் 35ஐயும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அளித்தால்தான் அப்பெயர் நீங்கும். சான்று பெற்று நாளாகியிருந்தால், புதியதொன்றை உங்கள் கிளையில் கேட்டுப் பெறுங்கள்.