அடுத்த லென்ஸ் எது?

கேமரா வாங்கிய முதல் ஆறு மாதம் சந்தோஷமாகப் போகும். ஏழாவது மாதம் ஒரு வியாதி வரும். "இன்னொரு லென்ஸ் மட்டும் இருந்தா போதும்டா" என்று மனசு அரிக்கும். எனக்கும் வந்தது. கையில் இருந்தது கேமராவோடு வந்த 18-55 லென்ஸ். அம்மா எடுத்த சீட்டுப் பணத்தில் எனக்கென்று ஒரு தொகை ஒதுக்கினார்கள். பழையதாக ஒரே ஒரு லென்ஸ் வாங்கலாம். அடுத்தது வேலை கிடைத்த பிறகுதான். 55-200 ஜூமா, 50 எம்.எம். 1.8-ஆ? ஹாஸ்டலில் ரெண்டு கட்சி ஆகிவிட்டது.

நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். வடிவொத்த முக்கோணம் தெரிந்தால் போதும். என் நிக்கான் கேமராவின் சென்சார் அகலம் ஏறக்குறைய 24 மி.மீ. பொருள் இருக்கும் தூரத்தை 24-ஆல் பெருக்கி லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால், படத்தில் அடங்கும் அகலம் வந்துவிடும். 5 மீட்டர் தூரத்தில் 18 எம்.எம். சுமார் ஆறரை மீட்டரை அடக்கும், வகுப்பே நிற்கலாம். 50 எம்.எம். 2.4 மீட்டர். 200 எம்.எம். வெறும் 60 செ.மீ., ஒரு முகமும் தோளும்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். சோளிங்கர் பெரிய மலை 1305 படி. 2024-ல் ரோப் கார் வந்துவிட்டாலும் படம் எடுப்பவன் படியில்தான் ஏற வேண்டும். அங்கே குரங்கைப் பிடிக்க டெலி லென்ஸ் எதற்கு? அதுவே நம் பையைத் தேடி இரண்டு மீட்டருக்குள் வந்து உட்காரும்! 50 எம்.எம்.முக்கு அது தாராளம். ஏரிக்கரைக் கொக்கு வேறு விஷயம். 40 மீட்டர் தள்ளி நின்றால் 200 எம்.எம்.மில் கூட 4.8 மீட்டர் அகலம் அடங்கும். அதில் கொக்கு ஒரு வெள்ளைப் புள்ளிதான். பறவைப் பைத்தியம் இருப்பவன் 200-ல் திருப்தி அடைய மாட்டான், பொறுத்திருந்து இன்னும் நீளமாக வாங்குவதே மேல்.

அடுத்தது வெளிச்சம். என் கணக்கில் முடிவு செய்தது இதுதான். எஃப் எண் என்பது மில்லிமீட்டரைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தது, அவ்வளவே. 50-ல் 1.8 என்றால் சுமார் 28 மி.மீ. துவாரம். என் பழைய லென்ஸ் 55-ல் 5.6, அதாவது 10 மி.மீ. கூட இல்லை. வெளிச்சம் ஒன்பது பத்து மடங்கு வித்தியாசம். மண்டப நிழலில் பழைய லென்ஸ் 1/15 செகண்ட் கேட்கும் இடத்தில் புதியது 1/150-ல் முடித்துவிடும். கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் 1/15-க்கு அசையாமல் நிற்குமா? கை நடுக்கத்தைத் தடுக்கும் வசதி லென்ஸில் இருக்கலாம். நடப்பவரின் காலை அது நிறுத்தாது.

உங்கள் விடை வேறாக இருக்கலாம். ஒவ்வொரு படத்தோடும் அது எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்று கேமரா எழுதி வைத்திருக்கிறது. ஒரு வருஷப் படங்களைப் புரட்டுங்கள். 55-ல் எடுத்து, பிறகு வெட்டி வெட்டிப் பெரிதாக்கியிருந்தால் டெலி. 18-ல் சுவரோடு முதுகு ஒட்ட நின்றிருந்தால் அகல லென்ஸ். என்னுடையதில் பாதிக்கு மேல் 35-க்கும் 55-க்கும் நடுவில், இருட்டில் கலங்கியவை. 50 வாங்கினேன்.

இந்த லென்ஸ் ஆசை பழசு. காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் (1912-1996) பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா கட்டி, 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். நம்ம ஒர்க் ஷாப் பசங்களுக்கு உறவுக்காரர்தான்!

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் கவனிக்க. நிக்கான் 3000, 5000 வரிசை கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 'டி' எழுத்துப் போட்ட பழைய 50-ஐ மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். கேனான்காரருக்கு ஒரு சலுகை. நிக்கானில் மவுன்டிலிருந்து சென்சார் 46.5 மி.மீ. தூரம், கேனான் இ.எஃப்.பில் 44. அந்த 2.5 மி.மீ.யில் ஒரு வளையம் வைத்து நிக்கான் லென்ஸைக் கேனானில் பூட்டலாம், கையால் ஃபோகஸ் செய்து. தலைகீழாகச் செய்தால் லென்ஸ் தள்ளி நிற்கும், தூரத்து மலை தெளியாது.

டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள்; சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம். ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை: தோல் உறை அழகுதான், ஆனால் தோல் ஈரம் பிடிக்கும், பூஞ்சைக்கு அது மெத்தை. வெளியே போகும்போது போடுங்கள், வீட்டில் காற்றுப் புகாத டப்பா. ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு அதில் போட்டால் போதும், நம்ம பக்கம் அதற்கா பஞ்சம்?

கடைக்கு உங்கள் கேமராவையே எடுத்துப் போங்கள். சுவரில் தினத்தாள் ஒன்றை ஒட்டி, நேராக நின்று 1.8-ல் ஒரு படம் எடுங்கள். நாலு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் பரவாயில்லை. ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் குழப்பம் என்றால் உள்ளே கண்ணாடி சாய்ந்திருக்கிறது. கடைக்காரர் எவ்வளவு குறைத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.