பாடசாலைத் தோட்டமும் நன்றியறிதலும்

நிலத்தினிடம் நன்றியறிதலை வாய்ச்சொல்லால் மட்டும் சிறுவர்க்குப் புகட்டுதல் அரிது. அதனைப் பாத்தி எளிதிற் கற்பிக்கும்.

பாடசாலைத் தோட்டத்தில் ஒரே அளவான இரண்டு பாத்திகள் வகுத்து, இரண்டிலும் சிறுகீரை விதைக்க வேண்டும். அது ஏறக்குறைய 25 நாட்களிற் பறிப்புக்கு வரும். ஒவ்வொரு பறிப்புக்குப் பின்னும் ஒரு பாத்திக்கு மட்டும் மக்கிய எரு இட்டு, இரண்டிலும் மறுபடி விதைத்து வருக. நாளடைவில் எருவிடாத பாத்தியில் இலை சிறுத்து வெளிறுவதை மாணாக்கர் தாமே காண்பர். மண்ணிடம் பெற்றுக்கொண்டு ஒன்றும் திருப்பாதவன் கடனாளி என்பது அப்பொழுது விளங்கும்.

அம்மட்டில் நிறுத்தலாகாது. மெலிந்த பாத்தியைத் தேற்றுவதும் அவர்கள் பொறுப்பே. அதிற் சணப்பு விதைத்து, பூக்கும் தருணத்தில், அதாவது சுமார் 45 நாட்களில், கொத்தி மண்ணில் மடக்கிவிட வேண்டும். சணப்பின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உதவும் வடிவில் சேர்ப்பவை. தழை நன்கு மக்கியபின் கீரை விதைத்தால் பாத்தி தேறியதை மாணாக்கர் அறிவர்.

பறித்த கீரையை அவர்களே மதிய உணவுக்கு அளிப்பாராக. கழிந்த வேரையும் காம்பையும் எருக்குழியிற் சேர்ப்பாராக. பெற்றதில் ஒரு பங்கைத் திருப்புதலே நன்றி. இன்று பாத்தியைத் தேற்றிய கை நாளை வயலை வறிதாக விடாது.