பெயரில் ஒரு சாய்கோடு, கணினிக்கு ஏன் இத்தனை கலவரம்? தெரியுமா?

உங்கள் அடையாள அட்டையை, அதாவது ஐ.சி.யை, எடுத்துப் பாருங்கள்! உங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஒரு சாய்கோடு இருக்கிறதா? ஆண் என்றால் ஏ/எல், பெண் என்றால் ஏ/பி. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று கோல சிலாங்கூர் தோட்டப்புறம் முழுக்க நம்மவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கோடு அது. நமக்கு அது பெயரின் ஒரு பகுதி. கணினிக்கோ அது ஒரு கட்டளை!

மகனின் சான்றிதழை அவன் முழுப்பெயரிலேயே விண்டோஸில் சேமிக்க முடியுமா? முடியாது! கோப்புப் பெயரில் அங்கே 9 குறிகளுக்குத் தடை. சாய்கோடும் அதில் சேர்த்தி. யூனிக்ஸ் வகைக் கணினிகள் இன்னும் தாராளம், தடை இரண்டே இரண்டுக்குத்தான். அந்த இரண்டிலும் ஒன்று எது தெரியுமா? இதே சாய்கோடு!

விமான டிக்கெட்டில் அந்தக் கோடு ஏன் காணாமல் போகிறது தெரியுமா? முன்பதிவுக் கணினியில் குடும்பப் பெயரையும் சொந்தப் பெயரையும் பிரிக்கும் குறியே அதுதான்! கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் 2 வரிகளிலும் அதற்கு இடமில்லை. வரிக்கு 44 இடங்கள், அனுமதி மொத்தம் 37 குறிகளுக்கு மட்டும்!

ஐ.சி.யில் இன்னொரு பெயரைக் காட்ட @ போடுவார்களே, அந்தக் குறியை 1971இல் மின்னஞ்சலுக்குத் தேர்ந்தெடுத்தவர் ரே டாம்லின்சன். இன்று அதைச் சமூக ஊடகப் பதிவில் தட்டிப் பாருங்கள். 'முனியம்மா @கமலா' என்று எழுதினால், எங்கோ இருக்கும் முன்பின் தெரியாத ஒரு கமலாவுக்குச் செய்தி பறக்கலாம்!

எம்.எஸ்.என். மெசஞ்சர் காலம் நினைவிருக்கிறதா? தமிழ்ப்பள்ளியைக் குறிக்க எஸ்.ஜே.கே. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஆங்கில 'டி' போடுவோமே, அதைத் தட்டியதும் அங்கே ஒரு தொலைபேசிப் படம் முளைக்கும்! சீனப்பள்ளியின் 'சி'க்கு? ஒரு கோப்பை காப்பி!

என்னை அதிகம் அசத்தியது இதுதான். ஜான் க்ரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன் என்ற எழுத்துமுறை இன்று எத்தனையோ தளங்களில் ஓடுகிறது. அதில் ஊர் வரலாறு எழுதுகிறீர்கள். முதல் வரி: '1917. தென்னமரத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம்.' அடுத்த வரி: '2007. பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றம்.' பதிவாகி வந்ததும் இரண்டாவது ஆண்டைப் பாருங்கள். 1918! ஆண்டுக்குப் பின்னால் வைத்த ஒரு புள்ளி போதும், கணினி அதை வரிசை எண்ணாக நினைத்துத் தானே எண்ணத் தொடங்கிவிடும். 89 ஆண்டுகள் போயே போச்சு! பெயர் மாறியது எப்போது என்று பேரப்பிள்ளைகள் தேடினால் தப்பான ஆண்டுதானே கிடைக்கும்?

மருந்து என்ன தெரியுமா? ஒரே ஒரு பின்சாய்கோடு! புள்ளிக்கு முன்னால் \ போட்டு '2007\.' என்று எழுதுங்கள். ஆண்டு ஆண்டாகவே நிற்கும். நட்சத்திரக் குறி, அடிக்கோடு, அடைப்புக்குறி என்று 32 குறிகளை இப்படி அடக்கலாம்! இந்தப் பின்சாய்கோட்டைக் கணினிக் குறிகளின் வரிசையில் சேர்க்கச் சொன்னவர் பாப் பெமர், ஆண்டு 1961.

தோட்டத்துப் பெயர்ப்பட்டியலை எக்செலில் போடுகிறீர்களா? 12 இலக்க ஐ.சி. எண்ணைக் கோடில்லாமல் தட்டினால் அது சுருங்கி, நடுவே ஓர் ஆங்கில 'இ' முளைத்துவிடும்! 2003இல் பிறந்த பிள்ளையின் எண்ணோ முதல் சுழியைத் தொலைத்து 11 இலக்கமாகும். எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்று வையுங்கள், அத்தனையும் அப்படியே தங்கும்!

சரி, மார்க்டவுனில் மற்ற குறிகளை அடக்கும் பின்சாய்கோட்டையே எழுத்தாகக் காட்ட வேண்டுமென்றால்? அதற்கு முன்னாலும் இன்னொரு பின்சாய்கோடு வேண்டும்! ஒன்று தெரிய இரண்டு, இரண்டு தெரிய நான்கு!